நாக்கில் கரையும் மாத்திரை சீக்கிரம் வேலை செய்யுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: மாமியாருக்கு 74 வயது, மாத்திரை விழுங்கத் திணறுகிறார். வாந்திக்கு டாக்டர் எழுதிய மாத்திரை மட்டும் நாக்கில் வைத்ததும் தண்ணீர் இல்லாமலே கரைந்துவிட்டது. அது சாதாரண மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்யுமா, மற்ற மாத்திரைகள் ஏன் அப்படி வருவதில்லை, கிடைக்காவிட்டால் இருப்பதையே பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தோடு என்னென்ன சேர்த்து எப்படி அழுத்தினால் அது மாத்திரையாக நிற்கும் என்று பார்க்கிற வேலையில் நான் பல வருடம் இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அவருடைய டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பெரும்பாலும் இல்லை. சீக்கிரம் கரையும், அவ்வளவுதான். கரைவதும் வேலை செய்வதும் வேறு வேறு.

நீங்கள் சொல்லும் வாந்தி மாத்திரை அநேகமாக ஓன்டான்செட்ரானாக இருக்கும். அது நாக்கில் உடைந்து எச்சிலோடு கலக்கிறது. அந்த எச்சிலை விழுங்கும்போது மருந்தும் வயிற்றுக்குப் போகிறது. அங்கிருந்து குடலுக்கு, குடலிலிருந்து இரத்தத்துக்கு. தண்ணீர் ஊற்றி விழுங்கிய மாத்திரையும் இதே வழியில்தான் போகிறது. மிச்சமாவது, மாத்திரை வயிற்றுக்குள் உடைய எடுத்துக்கொள்ளும் சில நிமிடங்கள் மட்டுமே. ‘வாய்க்குள்ளேயே இரத்தத்தில் சேர்ந்துவிடாதா?’ என்று பலரும் கேட்பார்கள். வாயின் உட்பரப்பு மொத்தமே சுமார் 200 சதுர சென்டிமீட்டர். சிறுகுடலின் உட்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு மருந்து வாயில் தங்குவது அரை நிமிடம்கூட இல்லை.

ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ரிசாட்ரிப்டான் இதற்கு நல்ல உதாரணம். அது விழுங்கும் மாத்திரையாகவும் வருகிறது, நாக்கில் கரைவதாகவும் வருகிறது. விழுங்கினால் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட 1 முதல் 1.5 மணி நேரம் ஆகும். நாக்கில் கரைய விட்டால் 1.6 முதல் 2.5 மணி நேரம். கரையும் மாத்திரைதான் தாமதம்! தலைவலி வந்தவர் ‘உடனே கேட்கும்’ என்று நினைத்து வாங்குவது எதுவோ, அது உண்மையில் பின்தங்கி வருகிறது. அப்படியிருந்தும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஒற்றைத் தலைவலியோடு குமட்டலும் சேர்ந்து வரும்போது ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே போகாத நிலையில் இது போகும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலினை விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். வாயில் கரையும் வடிவத்தில் ஒரு பகுதி வாய், தொண்டை வழியாகவே நேராக இரத்தத்தில் சேர்ந்து கல்லீரலின் அந்த முதல் சுற்றைத் தவிர்க்கிறது. அதனால் 10 மி.கி. விழுங்கும் மாத்திரை எட்டும் அளவை 1.25 மி.கி. கரையும் மாத்திரையே எட்டிவிடுகிறது. ஆனால் இப்படி அமையும் மருந்துகள் சிலதான். இதை வைத்துக்கொண்டு ‘வாயில் கரைந்தால் சக்தி அதிகம்’ என்று பொதுவாகச் சொல்வது தப்பு.

ஏன் சிலதான் என்பதற்குக் காரணம் கசப்பு. மாத்திரை தயாரிப்பவனுடைய தலைவலியும் அதுதான். சாதாரண மாத்திரை நாக்கைத் தொட்டும் தொடாமலும் போய்விடும், மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் போதும். கரையும் மாத்திரையில் மருந்து முழுவதும் நாக்கின் மேலேயே பரவுகிறது. சர்க்கரைப் பதிலிகளும் புதினா, ஆரஞ்சு வாசனையும் லேசான கசப்பை மறைக்கும், கடும் கசப்பிடம் தோற்றுவிடும். அப்போது மருந்தின் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பூச வேண்டும். அந்தப் பூச்சுக்கு ஒரு விசேஷ குணம் இருக்க வேண்டும்: எச்சிலில் கரையக்கூடாது, வயிற்று அமிலத்தில் உடனே கரைய வேண்டும். அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்குக் கீழே போனால் மட்டும் கரைகிற மெத்தக்ரிலேட் பாலிமர்கள் இருக்கின்றன. எச்சில் கிட்டத்தட்ட நடுநிலை, வயிறு 1, 2 என்ற அளவில் கடும் அமிலம். அதனால் வாயில் மாத்திரை உடைந்தாலும் மருந்து கரையாமல் துகளாகவே உள்ளே போகும். கரையாத மருந்துக்கு ருசி கிடையாது.

இப்போது முடிச்சு புரியும். கரையாத மருந்து வாயிலிருந்து இரத்தத்துக்கும் போகாது. கசப்பை மறைக்க நாங்கள் செய்கிற காரியமே வாய்வழி உறிஞ்சலை அடைத்துவிடுகிறது. ‘வாயில் கரையும் மாத்திரை’ என்று அட்டையில் போட்டாலும், பல நேரம் வாயில் உடைவது மாத்திரைதான், மருந்து கரைவது வயிற்றில்.

இரண்டாவது கேள்விக்குப் போவதற்கு முன் இது எப்படிச் செய்யப்படுகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். இரண்டு வழிகள் முக்கியமானவை.

ஒன்று, உறைய வைத்து உலர்த்துவது. பிரிட்டனில் ஸ்விண்டன் நகரத்தில் ஆர்.பி. ஷெரர் நிறுவனம் ‘சைடிஸ்’ என்ற பெயரில் வளர்த்த தொழில்நுட்பம் இதில் பேர்போனது. அதைக் கொண்டு செய்த லோராடடின் என்ற அலர்ஜி மாத்திரைக்கு 1996 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்நாட்டில் இந்த வகையில் அனுமதி பெற்ற முதல் மாத்திரை அது. இதில் அழுத்தும் இயந்திரமே கிடையாது. மருந்து, ஜெலட்டின், மானிட்டால் என்ற சர்க்கரைப் பதிலி மூன்றையும் தண்ணீரில் கலந்து, அட்டையில் இருக்கும் குழிகளுக்குள் நேரடியாகச் சொட்டு சொட்டாக நிரப்புகிறார்கள். திரவ நைட்ரஜன் குளிரில் அது உறைகிறது. பிறகு வெற்றிடத்தில் வைத்தால் பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிப் போய்விடும். தண்ணீர் இருந்த இடமெல்லாம் துளைகளாக நிற்கும். கடைசியில் குழிக்குள் மிஞ்சுவது அரிசிப் பொரி மாதிரி எடையே இல்லாத ஒரு வில்லை. நாக்கில் பட்டதும் துளைகள் வழியாக எச்சில் ஏறி இரண்டு மூன்று விநாடியில் ஆளைக் காணோம். இந்த ஜெலட்டின் மீனிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது. சைவம் பார்ப்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, வழக்கமான இயந்திரத்திலேயே அழுத்துவது. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. இதில் ரகசியம், தண்ணீர் பட்டதும் மாத்திரையை உள்ளிருந்து பிளக்கும் பொருள்கள்: கிராஸ்போவிடோன், கிராஸ்கார்மெல்லோஸ் சோடியம், சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட். சில திரி போல ஈரத்தை உள்ளே இழுக்கும், சில பல மடங்கு ஊதும். கூடவே மானிட்டால் இருக்கும். அது கரையும்போது சூட்டை உறிஞ்சுவதால்தான் நாக்கில் அந்தச் சில்லென்ற உணர்வு வருகிறது. பலர் அதை மருந்து ‘ஏறுவதாக’ நினைத்துக்கொள்கிறார்கள்.

கற்பூரத்தை வைத்தும் ஒரு வழி உண்டு. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மானிட்டாலோடு கற்பூரத்தைக் கலந்து மாத்திரையாக அழுத்தி, பிறகு சூடுபடுத்தினார்கள். கற்பூரம் ஆவியாகி ஓடிவிட, அது இருந்த இடம் துளைகளாக நின்றது. அழகான யோசனை. நம் நாட்டு எம்.ஃபார்ம் மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். கற்பூரத்துக்குப் பதில் மென்தால், அமோனியம் பைகார்பனேட் என்று மாற்றி மாற்றிப் போட்டு எழுதிய ஆய்வேடுகள் கல்லூரி நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் கடைக்கு வந்தவை அபூர்வம். போட்ட கற்பூரம் முழுக்க வெளியேறியதா என்று ஒவ்வொரு தொகுப்பிலும் நிரூபிக்க வேண்டும், துளை அதிகமானால் மாத்திரை உதிரும். சாதாரண மாத்திரையை ஒரு டிரம்மில் போட்டு நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 100 சுற்று உருட்டுவோம். எடையில் 1 சதவீதத்துக்கு மேல் உதிரக்கூடாது. துளை போதாவிட்டால் கரையாது, கூடிவிட்டால் இந்த டிரம்மில் மாவாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைத் தேடுவதிலேயே எங்கள் பொழுது போகும்.

சரி, எல்லா மாத்திரையும் ஏன் இப்படி வருவதில்லை? முதல் தடை அளவு. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இந்த வகை மாத்திரை சுமார் 30 விநாடிக்குள் உடைய வேண்டும், மொத்த எடை 500 மி.கி.க்கு மேல் போகாமலிருப்பது நல்லது. ஐரோப்பிய விதி கொஞ்சம் தாராளம், 3 நிமிடம் வரை விடுகிறது. மாமியார் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார் என்றால் மருந்தே 500 மி.கி. இருக்கும், அதோடு கசப்பு வேறு. உறைய வைத்து உலர்த்தும் முறையில் நிலைமை இன்னும் இறுக்கம்: தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்தென்றால் 60 மி.கி. சுமாருக்கு மேல் ஏற்ற முடியாது, கரையாத மருந்தென்றால் 400 வரை. அதனால்தான் ஓன்டான்செட்ரான் 4 மி.கி., குளோனாசெபாம் 0.5 மி.கி. போன்ற குட்டி அளவு மருந்துகளே இந்த வடிவத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. இந்தத் தடையைத் தாண்டியவர்களும் உண்டு. வலிப்புக்குத் தரும் லெவடிராசெட்டாமைத் தூள் அடுக்குகளாக முப்பரிமாண அச்சில் செய்து, 1,000 மி.கி. வரை ஒரே மாத்திரையில் ஏற்றி, 2015 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். ஒரு வாய் தண்ணீரோடு சராசரியாக 11 விநாடியில் உடைகிறது. ஆனால் மலிவான மாத்திரைக்கெல்லாம் அந்த வழி கட்டுப்படியாகாது.

இரண்டாவது தடை மருந்தின் குணம். 12 மணி, 24 மணி நேரம் மெதுவாக வெளியேற வேண்டிய மருந்தை வாயிலேயே உடைத்துவிட்டால் காரியம் கெட்டது. இதற்கும் வழி உண்டு என்றாலும் செலவு கூடும்.

வேகம் இல்லை என்றால் இதற்கு என்னதான் பயன்? யாருக்கு விழுங்குவதுதான் பிரச்சினையோ அவர்களுக்குப் பெரிய பயன். வாந்தியெடுக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக வந்த 215 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2006-இல் வெளியானது. வாயில் கரையும் ஓன்டான்செட்ரான் கொடுத்தவர்களில் 14 சதவீதம் பேர்தான் அதன்பிறகு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கும்போது வாந்தி எடுத்தார்கள், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதம். டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவையும் பாதிக்கும் கீழே குறைந்தது. மனநல வார்டில் வேறு மாதிரிப் பயன். மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, நர்ஸ் நகர்ந்ததும் துப்புகிறவர்கள் உண்டு. மனநோய்க்குத் தரும் ஒலான்சபைன் நாக்கிலேயே கரைந்துவிட்டால் துப்ப எதுவும் இருக்காது.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மருந்து அட்டையில் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்தைப் பாருங்கள். எம்.டி. என்றால் வாயில், நாக்கின் மேல் கரைவது. சில நிறுவனங்கள் ஓ.டி.டி. என்று போடும். டி.டி. என்றால் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. எஸ்.எல். என்றால் நாக்குக்கு அடியில் வைப்பது. மூன்றையும் ‘கரையும் மாத்திரை’ என்று ஒரே பெயரில் சொல்வதால் வீட்டில் குழப்பம் வருகிறது, சில நேரம் ஆபத்தும் வருகிறது.

டி.டி.க்குச் சோதனையே வேறு. இரண்டு மாத்திரையை 100 மி.லி. தண்ணீரில் போட்டுக் கலக்கி, 0.71 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் ஊற்றினால் எதுவும் தங்காமல் இறங்க வேண்டும். ஏழை நாடுகளின் குழந்தைகளுக்கு இந்த வடிவம் செய்திருக்கும் உதவி பெரிது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் குறை. சிரப் பாட்டில் கனம், உடையும், திறந்தால் சில நாளில் கெடும், ஸ்பூன் அளவு வீட்டுக்கு வீடு மாறும். மாத்திரைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வயிற்றுப்போக்குக்குத் துத்தநாகம் கொடுக்கச் சொன்ன பிறகு, 20 மி.கி. துத்தநாக மாத்திரை இந்த வடிவத்தில்தான் ஊர் ஊராகப் போனது. தாய்ப்பாலிலேயே கரைத்துப் புகட்டலாம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி. குழந்தைகளுக்கான காசநோய்க் கூட்டு மாத்திரை 2015 டிசம்பரில் இதே வடிவில் வந்தது. அதற்கு முன் பெரியவர்கள் மாத்திரையை வெட்டியும் பொடித்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்.எல். கதை நேரெதிர். நெஞ்சுவலிக்கு வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி. மாத்திரை வாய்க்குள்ளேயே உறிஞ்சப்பட வேண்டும் என்றே செய்யப்பட்டது. பதற்றத்தில் அதைத் தண்ணீரோடு விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும், வலியும் உடனே குறையாது. மனநோய்க்குத் தரும் அசெனாபைன் இதைவிடக் கறார். நாக்குக்கு அடியில் வைத்தால் 35 சதவீதம் இரத்தத்துக்குப் போகும், விழுங்கினால் 2 சதவீதம்கூடத் தேறாது. வைத்தபின் 10 நிமிடத்துக்குச் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. ஆகவே இந்த வகை மாத்திரையிடம் வேகத்தை எதிர்பார்க்கலாம், எம்.டி.யிடம் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது கேள்வி, பொடித்துக் கொடுப்பது. எல்லாவற்றையும் பொடிக்க முடியாது. காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் மாத்திரை’ பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தில் அழியாமல் இருக்கவே மேலே பூச்சு போட்டிருக்கிறது. பொடித்தால் மருந்து வயிற்றிலேயே வீணாகிவிடும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் அது மெதுவாக வெளியேறும் வகை. பொடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே மூச்சில் இறங்கும். பிரஷர் மாத்திரையாக இருந்தால் ஆளையே சாய்த்துவிடும். பூச்சில்லாத சாதாரண மாத்திரைகள் சிலவற்றைப் பொடிக்கலாம். எதை என்பதை மருந்துச் சீட்டோடு போய் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாயில் கரையும் மாத்திரை எல்லாவற்றையும் மெல்லலாம் என்றும் இல்லை. லான்சோபிரசோல் என்ற இன்னொரு ‘கேஸ் மாத்திரை’யின் கரையும் வடிவத்துக்குள் பூச்சு போட்ட 0.3 மி.மீ. அளவு மணிகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே விழுங்க வேண்டும், கடிக்கக்கூடாது.

வீட்டில் கையாளும் விதத்துக்கு வருவோம். கை உலர்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் உரிக்கும்படி தாள் இருந்தால் உரித்துத்தான் எடுக்க வேண்டும், கட்டைவிரலால் குத்தித் தள்ளினால் வில்லை தூளாகிவிடும். நாக்கின் மேல் வைத்து வாயை மூடி, எச்சிலை விழுங்கினால் போதும். வயதானவர்களுக்கும், சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் வாய் வறண்டே இருக்கும், அதில் மாத்திரை ஒட்டிக்கொண்டு நிற்கும். முதலில் ஒரு மடக்குத் தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ளலாம். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து ஞாயிறு, திங்கள் என்று கட்டம் போட்ட டப்பாவில் இதை உரித்துப் போட்டு வைக்காதீர்கள். மழைக்காலத்துச் சென்னைக் காற்றில் ஒரே நாளில் நமுத்துப் பிசுபிசுத்துவிடும். கடைக்காரர் கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரை வெட்டித் தரும்போது குழியின் ஓரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்ட துண்டில் பெயரும் எழுத்தும் காலாவதி தேதியும் இல்லாமல் போவது வேறு. முழு அட்டையாகவே வாங்கிவிடுங்கள். இன்னொன்று, இனிப்புக்கு அஸ்பார்டேம் சேர்த்திருப்பார்கள். பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற அபூர்வக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆகாது, மற்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கும் இதில் இருக்கும் மானிட்டால் அளவு பொருட்டல்ல.

எனக்கு உங்கள் கேள்வியில் உறுத்துவது ‘திணறுகிறார்’ என்ற சொல்தான். மாத்திரை மட்டுமா, இல்லை தண்ணீர் குடித்தாலும் இருமல் வருகிறதா? சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கரகரவென்று மாறுகிறதா? பக்கவாதம் வந்ததுண்டா? இதில் எதற்காவது ‘ஆமாம்’ என்றால், மாத்திரை வடிவத்தை மாற்றுவதற்கு முன் விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். கரைந்த மாத்திரையும் எச்சிலோடு சேர்ந்த ஒரு குழம்புதான், அதுவும் மூச்சுக்குழாய்க்குள் போக வாய்ப்பு உண்டு.

அப்படி எதுவும் இல்லை, மாத்திரை மட்டும்தான் தொண்டையில் நிற்கிறது என்றால், அவர் எப்படி விழுங்குகிறார் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள் மாத்திரையையும் அண்ணாந்தே போட்டுக்கொள்வார்கள். தலை பின்னால் சாயும்போது விழுங்குவது கஷ்டமாகிறது, புரையேறவும் வழி திறக்கிறது. கேப்சூல் தண்ணீரில் மிதக்கும், அண்ணாந்தால் அது பல் பக்கம் வந்துவிடும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் 151 பேரை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், கேப்சூலை வாயில் போட்டு, ஒரு வாய் தண்ணீர் எடுத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் குனிந்து விழுங்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட 89 சதவீத முயற்சிகளில் முன்பைவிடச் சுலபமாக இறங்கியது. அவரை நேராக உட்கார வைத்து, இந்த முறையில் ஒரு வேளை கொடுத்துப் பாருங்கள். அப்புறமும் நிற்கிறது என்றால் அவர் போடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலோடு டாக்டரிடம் போய், எதற்குக் கரையும் வடிவம் இருக்கிறது, எதற்குச் சிரப் இருக்கிறது, எதை நிறுத்தியே விடலாம் என்று கேளுங்கள். 74 வயதில் அந்தக் கடைசி வகையில் ஒன்றிரண்டு தேறுவது சகஜம்.